ஆறரை வயதுக்கு 110 சிசி ஏடிவி வாங்கலாமா?

கேள்வி: 2023 மார்ச் 10, வெள்ளி

ஹூஸ்டனுக்கு வடக்கே, கான்ரோ பக்கம் இரண்டு ஏக்கரில் வீடு கட்டி வந்துவிட்டோம். மகனுக்கு ஆறரை வயது, மகளுக்கு ஒன்பது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஏடிவி (மண்தரையில் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டி) ஓட்டுகிறார்கள், எங்கள் வீட்டில் தினமும் அழுகை. 50 சிசி வாங்கினால் ஒரே வருடத்தில் சிறிதாகிவிடும் என்கிறார்கள். 110 சிசி ஒன்று வாங்கி, வேகத்தைக் குறைக்கும் ஸ்க்ரூவைத் திருகி வைத்துவிட்டால் நாலைந்து வருடம் இரண்டு பேருக்கும் ஓடும் என்பது என் கணக்கு. சரிதானே?

2023 மார்ச் 11, சனி

சரியில்லை. இதே கணக்கைப் போட்டு 900 டாலரில் பாதியைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

ஜூன் மாதம் பள்ளிச் சீருடை எடுக்கப் போனால் அம்மா துணிக்கடையில் என்ன சொல்வார்? "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசாவே குடுங்க." கால்சட்டை முழங்காலைத் தாண்டித் தொங்கும், இடுப்பில் அரைஞாண் கயிறு தாங்கிக்கொள்ளும், அடுத்த வருடம் சரியாகிவிடும். சீருடைக்கு அது நல்ல கணக்குதான். தொளதொள சட்டை யாரையும் கீழே தள்ளி மேலே ஏறி உட்காராது. ஏடிவி உட்காரும்.

2021 கடைசியில் நான் வாங்கியது 110 சிசி. இணையத்தில் பார்த்தது, பெயர் கேள்விப்படாத கம்பெனி. இரும்புக் கூண்டும் அட்டைப்பெட்டியுமாக லாரியில் வந்து வாசலில் இறங்கியது. சக்கரம், ஹேண்டில்பார், பம்பர் எல்லாம் தனித்தனி. ஒரு சனிக்கிழமை முழுக்க நானும் மச்சானும் ஸ்பேனரோடு உட்கார்ந்தோம். முடித்துவிட்டுப் பார்த்தால் மூன்று போல்ட் மிச்சம். கையேட்டில் அப்படி மூன்று போல்ட்டே கிடையாது. "கம்பெனி அன்பளிப்பு மாப்ள" என்றார் மச்சான்.

மகனுக்கு அப்போது ஆறரை வயது, 20 கிலோ. சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தால்தான் கால் மிதியில் பட்டது. பிரேக் பிடியை விரல் நுனியால் தொட முடிந்தது, இழுக்க முடியவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு "வளர்ந்துடுவான்" என்றேன்.

நவசோட்டாவில் மச்சானுக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது, பெரும்பாலும் வெறும் புல். அங்கேதான் முதல் ஓட்டம். நேராகப் போனான், அழகாகப் போனான். வேலிக்கு முன்னால் இடது பக்கம் திருப்பினான். வலது பக்கச் சக்கரங்களில் மட்டும் வண்டி நின்றது. ஒரு விநாடிக்கு மேல் இருக்காது. திரும்ப நாலு காலில் விழுந்து, வேலிக்கம்பத்தில் உரசி நின்றது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க நேரமானது.

ஏன் அப்படித் தூக்கியது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தச் சின்ன வண்டிகளில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே இரும்புத் தண்டு சேர்த்துப் பிடித்திருக்கும். காரில் உள்ளதுபோல் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்றாது. அதனால் வண்டிக்கு எப்போதும் நேராகப் போகத்தான் ஆசை. ஓட்டுகிறவர் உடம்பைத் திருப்பத்தின் உள்பக்கம் சாய்த்து அதை மடக்க வேண்டும். 20 கிலோ பையன் 100 கிலோவுக்கு மேல் இருக்கும் இரும்பை எங்கே மடக்குவது?

பெட்டியில் 16 வயது என்று போட்டிருந்ததோ என்னவோ, நான் பார்க்கவில்லை. 90 சிசிக்கு மேல் எல்லாமே 16 வயதுக்குத்தான்.

2023 மார்ச் 11, இரவு

சிசியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். கடைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிறந்தநாளுக்கு ஆச்சரியமாகக் கொடுக்கிறேன் என்று தனியாகப் போய் வாங்கி வராதீர்கள். இது கைக்கடிகாரம் இல்லை.

மிதியில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். சீட்டுக்கும் அவன் கால்சட்டைக்கும் நடுவே 3 முதல் 6 அங்குலம் இடைவெளி வேண்டும். என் உள்ளங்கை அகலம் மூன்றரை அங்குலம், அதையே அளவுகோலாக வைத்தேன். அதைவிடக் குறைந்தால், மேட்டில் ஏறும்போது எழுந்து நிற்க முடியாது, ஒவ்வொரு குலுக்கலும் முதுகெலும்பில் இறங்கும். அப்புறம் உட்காரச் சொல்லுங்கள். தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொல்லுங்கள், முழங்காலில் இடிக்கக் கூடாது, எட்டிப் பிடிக்க முன்னால் குனியவும் கூடாது.

கடைசியாகக் கை. கைப்பிடியில் உள்ளங்கையை வைத்து விரல்களை நேராக நீட்டச் சொல்லுங்கள். நடுவிரலின் நுனியில் இருந்து முதல் கணு பிரேக் பிடியைத் தாண்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த வண்டி அவனுக்கு இல்லை. மற்ற எல்லாம் பொருந்தினாலும் இல்லை.

நான் வாங்கிய வண்டியில் இந்த நாலில் ஒன்றுகூடத் தேறியிருக்காது.

2023 மார்ச் 12, ஞாயிறு

திருத்தம். நேற்று 90 சிசிக்கு மேல் 16 வயது என்று எழுதியது பழைய வழக்கம். ஒருவர் தனிச்செய்தியில் பிடித்தார், நன்றி. முன்பு சிசியை வைத்து வயது பிரித்தார்கள். 2007-இல் வந்த தரநிலையில் வேகத்தை வைத்துப் பிரிக்கிறார்கள், 2009 முதல் அமெரிக்காவில் அது கட்டாயம். ஒய்-6+ என்றால் ஆறு வயதிலிருந்து: எவ்வளவு திறந்துவிட்டாலும் மணிக்கு 15 மைலைத் தாண்டக் கூடாது, கடையிலிருந்து வரும்போது 10 மைலுக்குள் கட்டிவைத்திருக்க வேண்டும். ஒய்-10+ என்றால் பத்து வயதிலிருந்து: அதிகபட்சம் 30 மைல், கட்டிவைத்தால் 15. அதனால்தான் இப்போது 110 சிசி வண்டிகள் பத்து வயது அட்டையோடு வருகின்றன. போலாரிஸ் அவுட்லா 110 அந்த வகை, அவுட்லா 70 ஆறு வயது வகை. யமஹா ஒய்எஃப்இசட் 50, கவாசாகி கேஎஃப்எக்ஸ் 50, சுசுகி குவாட்ஸ்போர்ட் இசட் 50 எல்லாம் ஆறு வயதுக்காரர்களுக்கு.

ஆக, கேட்டவருக்குப் பதில்: மகளுக்கு இன்னும் ஒரு வருடம் போக வேண்டும், மகனுக்கு மூன்றரை வருடம். ஒரே வண்டி இருவருக்கும் என்பது நடக்காது.

2023 மார்ச் 14, செவ்வாய்

"ஸ்க்ரூவைத் திருகிவிட்டால் 110-உம் 15 மைல்தானே, அப்புறம் என்ன?" என்று திரும்பக் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வலது கைப்பிடி பக்கத்தில், கட்டைவிரலால் தள்ளும் ஆக்சிலேட்டர் டப்பாவில், ஒரு சின்ன நட்டோடு நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே திருகினால் ஆக்சிலேட்டர் பாதி தூரத்திலேயே தடுக்கப்படும். அவ்வளவுதான் அதன் வேலை. எடையைக் குறைக்காது, பிரேக் பிடியை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவராது, சீட்டைத் தாழ்த்தாது. எங்கள் வண்டி வேலிக்கம்பத்தில் உரசியபோது மணிக்கு 8 மைல் போயிருந்தால் அதிகம். நான் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தேன், எனக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று, திருகியதைத் திரும்பத் திருக ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். உங்கள் மகனுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பதினான்கு வயதுக்காரனுக்குத் தெரியும்.

2023 மார்ச் 19, ஞாயிறு

விலை பற்றிக் கேட்டிருந்தார்கள். 110-ஐ 450-க்குத் தள்ளிவிட்டேன், மூன்று போல்ட்டையும் சேர்த்து. வாங்கியவர் பதினாறு வயது மகனோடு வந்தார், அதனால் உறுத்தல் இல்லை. 2022 மார்ச்சில் பழைய ஜப்பான் 50 சிசி ஒன்று, விற்றவர் 1,500 சொன்னார், 1,300-க்கு முடிந்தது. பழசு வாங்கினால் டைட்டில், அதாவது வண்டி யாருடையது என்று காட்டும் பத்திரம், இல்லாமல் வாங்காதீர்கள். டெக்சஸில் ஏடிவிக்கும் டைட்டில் உண்டு. வண்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்த எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று குனிந்து படியுங்கள். "காகிதம் வீட்டில் எங்கேயோ இருக்கு" என்றால் நீங்களும் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

பிறகு முன்பக்கம் தூக்கிப் பிடித்து சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள், கடகடத்தால் பேரிங் போச்சு. பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். நிறுத்திவைக்கும் பிரேக், அதாவது பார்க்கிங் பிரேக், இருக்கிறதா என்று பாருங்கள். நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் விற்கும் பிள்ளைகள் வண்டிகளைப் பற்றி அடிக்கடி எச்சரிக்கை விடுகிறது. பார்க்கிங் பிரேக் இல்லை, வேகம் வரம்பைத் தாண்டுகிறது என்பவை திரும்பத் திரும்ப வரும் குறைகள்.

ஹெல்மெட்: சைக்கிள் ஹெல்மெட் கூடாது. டாட் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரை போட்ட, முகவாய் மூடிய, சிறுவர் அளவு. இதிலும் ரெண்டு சைஸ் பெருசு வேண்டாம். போட்டுவிட்டுத் தலையை ஆட்டச் சொன்னால் கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். கண்ணாடி, கையுறை, கணுக்கால் மூடிய பூட்ஸ். 1,300 டாலர் வண்டிக்கு இதெல்லாம் 300 டாலர் ஆனது.

ரிமோட்: சில வண்டிகளில் கார் சாவி மாதிரி ஒன்று வரும், அழுத்தினால் எஞ்சின் நின்றுவிடும். இது கட்டாயம் வேண்டும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் காசு கொடுப்பேன்.

2023 மார்ச் 20, திங்கள்

மறந்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்து பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். நம் கை அப்படித்தான் போகும். ஊரில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து போய் வளர்ந்தவர்கள் நாம். அப்பாவின் தாடை உச்சந்தலையில் இடிக்க, ஹேண்டில்பாரின் நடுவில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நாமே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு. இது ஒருவர் வண்டி. ஓட்டுகிறவர் இடமும் வலமும் முன்னும் பின்னும் நகர வேண்டும் என்பதால்தான் சீட் அவ்வளவு நீளம், இரண்டாவது ஆளுக்காக இல்லை.

2023 ஏப்ரல் 2, ஞாயிறு

ஏடிவி சேஃப்டி இன்ஸ்டிட்யூட்டின் வகுப்புக்குப் போனதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அரை நாள். ஆறு வயதிலிருந்து சேர்க்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் புது வண்டி வாங்கினால் இலவசம், நான் பழசு வாங்கியதால் பணம் கட்டினேன். கூம்பு வைத்து, கிளம்பு, நில், திரும்பு, கண்ணை எங்கே வை. வயல்வெளியில் பள்ளிக்கூடம் மாதிரி. மகன் கவனித்தான், நான் காப்பி குடித்தேன், பயிற்சியாளர் என்னைத்தான் இரண்டு முறை முறைத்தார்.

ஆனால் எங்களுக்கு மிகவும் உதவியது வகுப்பில் வந்ததில்லை, வீட்டில் வந்தது.

பயந்தால் பிள்ளை என்ன செய்யும்? இறுகப் பிடிக்கும். சைக்கிளில் இறுகப் பிடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஏடிவியில் ஆக்சிலேட்டர் கட்டைவிரலில் இருக்கிறது. நாலு விரல் கைப்பிடியை இறுக்கினால் ஐந்தாவது விரலும் சேர்ந்து அழுத்தும். பயம் கூடக் கூட வேகம் கூடும். முதல் நாள் வேலிப்பக்கம் நடந்ததும் அதுதான். திருப்பத்தில் தூக்கியதும் அவன் கத்தினான், கத்தும்போது கை இறுகியது, வண்டி பாய்ந்தது. "பிரேக் பிடி, பிரேக் பிடி" என்று நான் அலறியது அவனை இன்னும் இறுக்கியிருக்கும்.

அதனால் ஒரு சொல் வைத்துக்கொண்டோம்: தோசை. நான் "தோசை" என்றால் அவன் இரண்டு உள்ளங்கையையும் தோசைபோல் விரித்துவிட வேண்டும், வேறெதுவும் செய்ய வேண்டாம். கட்டைவிரல் விட்டால் ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பும், சின்ன எஞ்சின் இழுப்பிலேயே வண்டி நின்றுவிடும். ஒரு வாரம் கராஜில் எஞ்சின் போடாமல் பழகினோம். உட்கார்ந்து "டுர்ர்ர்" என்பான், நடுவில் "தோசை" என்பேன், விரிப்பான். சாப்பாட்டு மேஜையில்கூட ஒருநாள் அவன் அம்மா "தோசை வேணுமா?" என்றபோது கரண்டியைப் போட்டுவிட்டான். அன்றைக்குத்தான் எஞ்சினைப் போட்டோம்.

2023 ஏப்ரல் 3, திங்கள்

இல்லை, "இட்லி" என்றால் என்ன செய்வது என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இதைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள்.

2023 மே 21, ஞாயிறு

ரிமோட் பற்றி மார்ச் 19-இல் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், முழுக்க இல்லை, பாதி.

மச்சான் தன் மகனுக்கு ரிமோட்டோடு ஒன்று வாங்கினார். போன வாரம் குட்டையின் கரையில் பையன் ஏறினான். ஏறுவது சறுக்கல் மாதிரி தெரியவே மச்சான் ரிமோட்டை அழுத்திவிட்டார். எஞ்சின் நின்றது, மேட்டின் நடுவில். இழுவை போய் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பையன் பிரேக்கைப் பிடித்தான், அவனுக்குப் பிரேக் எட்டியது, அதனால் இதைச் சாதாரணமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அழுத்தாமல் விட்டிருந்தால் ஏறியிருப்பான்.

இரண்டாவது விஷயம், கையில் ரிமோட் வந்ததும் மச்சான் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ரிமோட் இல்லாத நான் கூடவே ஓடினேன். யாருடைய பிள்ளைக்குப் பாதுகாப்பு அதிகம் என்று யோசித்துப் பார்த்தேன். சமதரையில், முதல் சில வாரங்களுக்கு ரிமோட் நல்லது. அதைவிட ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கயிறு நல்லது: விழுந்தால் கயிறு பிடுங்கி எஞ்சின் நின்றுவிடும், யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

அதே நாள் எங்கள் மகனுக்கும் ஒரு விபத்து. வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று புல்லில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடம் நெருப்பெறும்புப் புற்று. ஒன்றேகால் வருட ஏடிவி ஓட்டத்தில் இதுவரை இவ்வளவு அழுததில்லை.

2023 ஜூலை 8, சனி

இந்த வெயிலில் மார்புக்கவசமும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு மேல் ஓட்டவிடாதீர்கள். நாங்கள் ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுகிறோம்.

வருடாந்தரப் பரிசோதனையில் மருத்துவர் என்ன விளையாடுகிறாய் என்று கேட்க, பயல் பெருமையாக ஏடிவி என்றான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 16 வயதுக்குக் கீழ் ஏடிவி வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்கிறது, எந்த அளவு வண்டியானாலும். "சின்ன வண்டி, 10 மைல்தான், நான் கூடவே இருக்கிறேன்" என்று சொன்னேன். "எல்லா அப்பாக்களும் அதைத்தான் சொல்வார்கள்" என்றார். வரும் வழியில் மனைவி ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, "ஏங்க, அவர் சொன்னதுல எது தப்பு?" என்றாள். பதில் இல்லை. மூன்று வாரம் வண்டியை எடுக்கவில்லை. பிறகு எடுத்தோம். ஏன் எடுத்தோம் என்று என்னால் நியாயமாகச் சொல்ல முடியவில்லை, அதனால் சொல்லவில்லை. மாசசூசெட்ஸில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது: எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மரணத்துக்குப் பின் 2010-இல் வந்த சட்டப்படி அங்கே 14 வயதுக்குக் கீழ் பொதுவாக ஓட்டவே கூடாது. இங்கே டெக்சஸில் பொது இடத்தில் 14-க்குக் கீழ் என்றால் பெரியவர் நேரடிக் கண்காணிப்பு வேண்டும், ஹெல்மெட்டும் கண்ணாடியும் எல்லாருக்கும் கட்டாயம். சொந்த நிலத்தில் உங்கள் மனசாட்சிதான்.

2023 நவம்பர் 24, வெள்ளி

நன்றி நவிலல் விடுமுறைக்கு எல்லாரும் மச்சான் நிலத்தில் கூடினோம். அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். 50 சிசி என்றதும் குனிந்து எஞ்சினைப் பார்த்தார். "அம்பது சிசின்னா நம்ம டிவிஎஸ் பிஃப்டி தானேடா? அதுல ரெண்டு மூட்டை யூரியா, பின்னாடி உங்கம்மா, முன்னாடி நீ." இதுக்கா இவ்வளவு கவசம் என்று பேரனைச் சுற்றி வந்தார். அவர் சொல்வதில் கணக்குப் பிழை இல்லை.

ஆனால் வண்டி கிளம்பவில்லை. வெயில் மாதங்களில் விட்டு விட்டு ஓட்டியது, செப்டம்பருக்குப் பின் தொடவே இல்லை. டேங்கில் இருந்தது பழைய பெட்ரோல். இந்த ஊர்ப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, கார்புரேட்டரில் தேங்கினால் பிசினாகிவிடும். தவறு முழுக்க என்னுடையது. அப்பா பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். மச்சானின் பார்பெக்யூ மேஜையில் பழைய துண்டை விரித்து, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே கடுகெண்ணெய் நிறத்தில் ஒரு படிவு. பெட்ரோல் போகும் சின்னத் துளை உள்ள பைலட் ஜெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் துளை வழியாகச் சூரியன் தெரிய வேண்டும், தெரியவில்லை. கிட்டார் கம்பி ஒன்றை நறுக்கித் தரச் சொல்லித் துளையில் மெதுவாக விட்டார், திரும்ப வெளிச்சத்தில் பிடித்தார். ஊசிமுனை அளவு ஒரு புள்ளி. "இப்ப வரும்" என்றார். வந்தது.

ஓட்டுவதை நிறுத்தும் மாதங்களில் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தை வடித்து வையுங்கள். கார்புரேட்டர் இல்லாத எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி வாங்கினால் இந்தக் கதை பெரும்பாலும் இல்லை, பேரன் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து ஜெட்டைப் பார்க்கும் காட்சியும் இல்லை.

2024 பிப்ரவரி 18, ஞாயிறு

"வாங்கினால் எப்படியும் பெரிசாகத்தான் வாங்குவார்கள், கம்பெனிகளே அதைத்தான் விரும்புகின்றன" என்று ஒருவர் கோபப்பட்டிருந்தார். அவ்வளவு எளிதில்லை. 2008-இல் பிள்ளைகள் பொருள்களில் ஈயம் கூடாது என்று சட்டம் வந்தது, பொம்மைகளை மனதில் வைத்து. 2009 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது சின்ன ஏடிவிகளும் அதில் மாட்டின. பேட்டரி முனையிலும் டயர் வால்விலும் கொஞ்சம் ஈயம் இருக்கும். கடைக்காரர்கள் சின்ன வண்டிகளைக் காட்சிக்கூடத்திலிருந்து எடுத்துப் பின்னால் பூட்டி வைத்தார்கள். பெரிய வண்டி தாராளமாக விற்றது. பிள்ளை பேட்டரியைக் கடித்துவிடக் கூடாதே என்ற சட்டத்தால், பிள்ளைகள் பெரியவர் வண்டியில் ஏறும் நிலை வந்தது. 2011 ஆகஸ்டில்தான் விலக்கு கொடுத்தார்கள்.

அதற்கு முந்தைய கதை இன்னும் சுவாரஸ்யம். 1970-இல் ஹோண்டா விற்ற முதல் ஏடிவிக்கு மூன்று சக்கரம்தான். ஆட்டோ ரிக்‌ஷாவைத் திருப்பத்தில் பார்த்தவர்களுக்கு அது எப்படி முடிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1988-இல் கம்பெனிகள் மூன்று சக்கர வண்டி விற்பதை விட்டன. சின்னப் பிள்ளைகளுக்கான நாலு சக்கரத்தை 1984-இலேயே சுசுகி எல்டி 50 என்று கொண்டுவந்துவிட்டது.

மகள் பற்றிக் கேட்டவருக்கு: எங்கள் பெண்ணுக்கு இப்போது பதினொன்று. தம்பி வண்டியில் ஒரு சுற்று போய்விட்டு "அவ்வளவுதானா?" என்று இறங்கியவள். அவள் கேட்பது டர்ட் பைக், மண்தரையில் ஓட்டும் இரண்டு சக்கர பைக். முதலில் பயந்தேன், இப்போது அவள் பக்கம் சாய்கிறேன். யமஹா பிடபிள்யூ 50 போன்ற சின்ன பைக் ஏறக்குறைய 41 கிலோ. விழுந்தால் பக்கத்தில் விழும். 50 சிசி ஏடிவி சுமார் 100 கிலோ, விழுந்தால் உருண்டு மேலே வரும். நாலு சக்கரம் நிற்கும்போது பத்திரமாகத் தெரிகிறது, அதுதான் அதன் ஏமாற்று. இரண்டு சக்கரம் ஆரம்பத்திலேயே "நான் விழுவேன்" என்று சொல்லிவிடுகிறது. முதல் வண்டியாக எது என்று இன்று யாராவது கேட்டால், சைக்கிள் நன்றாக ஓட்டும் பிள்ளைக்குச் சின்ன பைக் என்றுதான் சொல்வேன் போலிருக்கிறது. தலைப்புக்கே வேட்டு வைக்கிறேன் என்று தெரிகிறது.

கேள்வி கேட்டவர் கடைசியில் என்ன வாங்கினார் என்று சொல்லவே இல்லை.

2024 பிப்ரவரி 19, திங்கள்

சொல்லிவிட்டார். டிராம்போலின்.

2024 அக்டோபர் 13, ஞாயிறு

மகனுக்கு ஒன்பது முடிந்துவிட்டது. போன மாதம் மிதியில் ஏறி நின்றான், இடைவெளி என் உள்ளங்கை இரண்டைத் தாண்டிவிட்டது. உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. 50 சிசி ஒரே வருடத்தில் சிறிதாகிவிடும் என்று கேள்வியில் இருந்ததே, இரண்டரை வருடம் ஓடியது.

விற்கலாம் என்று விளம்பரம் போட்டேன், 1,100 டாலர். இன்று காலை ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இளஞ்சிவப்பு பூட்ஸ் போட்ட ஒரு பெண் குழந்தை. ஆறு வயது என்றார்கள், ஐந்து மாதிரி இருந்தாள். அப்பா கையில் பணம் எண்ணி வைத்திருந்தார், பேரம் பேசவே இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு தடவை ஏறி உட்காரட்டும்" என்றேன். உட்கார்ந்தாள். கையை நீட்டச் சொன்னேன். நடுவிரல் பிரேக் பிடியைத் தொட்டது, அதோடு நின்றது. பிடியை உள்ளே கொண்டுவரும் ஸ்க்ரூவைக் கடைசிவரை திருகிப் பார்த்தேன், அப்போதும் அரைக் கணு குறைந்தது.

அவள் அப்பா சிரித்துக்கொண்டே, வளர்ந்துவிடுவாள் என்றார்.

அடுத்த வருடம் வாருங்கள், யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். குழந்தை கார் வரைக்கும் அழுதுகொண்டே போனாள். மனைவி சமையலறை ஜன்னலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "ஆயிரத்து நூறு டாலரு" என்று மட்டும் சொன்னாள்.

வண்டி கராஜில் நிற்கிறது. கிண்ணத்தை வடித்துவிட்டேன்.